என் கெணத்துக்கு கவர்மெண்டு சர்டிபிகேட்

ஜன்னலோரம் நீயே உக்காரு பாப்பா. எனக்கு இந்த ஓரம் போதும். அதோ, மூணு சீட்டு முன்னாடி, பச்சப் பொடவயில கனகாம்பரம் வெச்சுக்கினு ஒருத்தி கீறா பாரு, அவ முதுகு தெரிஞ்சா போதும் எனக்கு. யாருன்னு கேக்காத. நீ கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன், இப்ப அவசரம் இல்ல.

நீ எங்க எறங்குற? பேங்க்ல வேலையா. நல்லது. நான் கலெக்டர் ஆபீஸு. பதினோரு மணிக்கு ஜட்ஜு என்ன வரச் சொல்லி கீறாரு. சிரிக்காத, நெசமாத்தான். காரமேட்டு தோல் பதம் போடுற ஷாப்புல கழிவுத்தொட்டி ஒடஞ்சுதே, அதுக்கு கமிஷன் போட்டாங்க இல்ல, அந்த ஜட்ஜு. பூங்காவனம்னு என் பேர இங்கிலீஷ்ல டைப் அடிச்சு சம்மன் வந்துது. போஸ்ட்மேன் மைய எடுத்து, வெரல நீட்டு ஆயான்னான். "பேனாவக் குடு தம்பி, பதினோரு வருஷமா கவர்மெண்டு பேப்பர்ல கையெழுத்து போட்டுக்கினு கீறேன், நீ வந்து வெரல நீட்டச் சொல்ற"ன்னேன். பையன் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

நீயும் பேப்பர்ல பாத்திருப்ப. போன ஐப்பசி. விடிஞ்சும் விடியாம, பால்காரன் வர்ற நேரம். தொட்டின்னா உங்க வீட்டுத் தொட்டி இல்ல, ஒரு கல்யாண மண்டபமே உள்ள போவும், அம்மாம் பெருசு. தோல் அலசுன தண்ணி, மருந்துத் தண்ணி எல்லாம் அதுலதான் வருசக்கணக்கா நின்னுக்கினு இருந்துது. அந்தக் கரை புட்டுக்கிச்சு. கறுப்புச் சேறு, பாதி ஏரியில, பாதி எங்க கீழத்தெருவுல. வாட்ச்மேன் தேவராசு அந்தக் கரைக்குக் கீழதான் கட்டில் போட்டுப் படுப்பான். அவன எடுக்க ரெண்டு நாளாச்சு. எங்க வீடு தெரு முனையில மேட்டுல கீது, தப்பிச்சோம்.

மொத நாளு மந்திரி வந்தாரு. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸு. வெலச் சீட்டு கூட ஒரு பூட்ஸுல ஒட்டிக்கினு இருந்துது, நான் பாத்தேன். "இந்த ஷாப்புக்கு லைசென்ஸ் குடுத்ததே போன ஆட்சி"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. மறுநாளு போன ஆட்சி மந்திரி வந்தாரு. அவரு கார விட்டே எறங்கல. கண்ணாடிய மட்டும் எறக்கி, "எங்க ஆட்சியில ஒடஞ்சுதா?"ன்னாரு. அதுவும் வாஸ்தவந்தானே. ஒடையல. நல்லா ஊறிக்கினு இருந்துது.

அப்புறம் ஆபீஸருங்க. ஏரி ஆபீஸுக்காரரு சொன்னாரு, ஏரிக்கரைதான் எங்களுது, தொட்டிக்கரை எங்களுது இல்லன்னு. தண்ணி செக் பண்ற ஆபீஸு சொல்லுது, நாங்க தண்ணியத்தான் பாப்போம், கரையப் பாக்குறது எங்க வேல இல்லன்னு. பஞ்சாயத்து பிரசிடெண்டு, எனக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாதுன்னுட்டாரு. அவரு மச்சான்தான் அங்க சேறு அள்ளுற லாரி விட்டுக்கினு இருந்தான். பாவம், மச்சானுக்கு வழி தெரிஞ்சுது, மாமனுக்குத் தெரியல. அந்த மச்சான் கல்யாணத்துல நடந்த கூத்து உனக்குத் தெரியாது, பந்தியில அப்பளம் பத்தலன்னு பொண்ணு வீட்டாரு... சரி, அது வேணாம்.

கடைசியா பெரிய இஞ்சினீரு ஒருத்தரு கண்டுபுடிச்சாரு. நண்டு. ஆமா பாப்பா, நண்டு. கரையில நண்டு வளை போட்டுடுச்சாம், அதுல தண்ணி பூந்து கரை புட்டுக்கிச்சாம். ரிப்போட்டு எழுதி போட்டோவும் எடுத்தாச்சு. அந்தத் தண்ணியில நாய் வாய் வெக்காது. கொக்கு எறங்காது. அதுல ஒரு நண்டு உசுரோட இருந்து, குடும்பம் நடத்தி, வளையும் போட்டுச்சுன்னா, அதுக்கு மாலை இல்ல போடணும்? இவங்க கேஸு போடுறாங்க.

நண்டுக்கு அடுத்து யாரு? செத்துப்போன தேவராசு. காவலாளி கவனக் குறைவுன்னு பேப்பர்ல போட்டான். ரெண்டு பேருமே வந்து பதில் சொல்ல மாட்டாங்க பாரு, சவுரியம்.

இவ்வளவு அடிச்சிக்கிறாங்களே, ஒரு விஷயத்துல மட்டும் எல்லாரும் ஒத்துமை. அந்தக் கட்சி, இந்தக் கட்சி, ஆபீஸு, ஷாப்பு, எல்லாம் ஒரே வாய். "கரை ஒடயற வரைக்கும் தண்ணி சுத்தமா இருந்துது. இது ஒரு நாள் விபத்து. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷமா மாசாமாசம் தண்ணி எடுத்து செக் பண்ணி கீறோம், ஒரு தடவ கூட பெயில் ஆவல."

அவங்க சொல்றது நெசம். பெயில் ஆவல. ஏன்னா அது என் கெணத்துத் தண்ணி.

ஐயோ, இப்டி முழிக்காத பாப்பா. நான் ஒண்ணும் திருட்டு வேல பண்ணல. சொல்றேன் கேளு.

நான் ஷாப்பு கேட்டாண்ட பெருக்கி, டீ போட்டுக் குடுத்துக்கினு இருந்தேன். தண்ணி செக் பண்ற ஆபீஸுலருந்து ஒரு சாரு வருவாரு. பிரபாகரன் சாரு. சின்ன வயசு, பொட்டு வெச்சுக்கினு, வெள்ள சட்ட, வெள்ள ஷூ. கழிவு வெளிய வர்ற எடம் கேட்டுலருந்து அர மைலு. சேத்துல நடக்கணும். அவரு ஷூவப் பாத்தாரு, வழியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. ரெண்டு பிளாஸ்டிக் கேனு என் கையில குடுத்து, "அங்க போயி தண்ணி புடிச்சாந்துடும்மா"ன்னாரு.

நான் போனேன். நெசமா போனேன். அந்தத் தண்ணி எப்டி வருதுன்னு பாத்தியா நீ? நொரையும் நாத்தமும், பச்சயா கறுப்பான்னு தெரியாத ஒரு நெறம். எனக்கு வெக்கமா போச்சு. படிச்ச புள்ள, நம்ம ஊருக்கு மொத மொதல்ல வந்து கீறான், வாய் தெறந்து தண்ணின்னு கேட்டு கீறான். இதயா கொண்டுபோயி கையில குடுப்பாங்க? எங்க ஊட்டுல தண்ணி கேட்டு வந்தவங்களுக்கு சொம்பு வெளக்காம குடுத்தது கெடயாது. எங்க மாமியா அதுக்கே என்ன அடிச்சு கீறா. நேரா ஊட்டுக்கு வந்தேன். ரெண்டு கேனயும் புளி போட்டு, சாம்பல் போட்டு வெளக்கினேன். கெணத்துல எறச்சு, துணி கட்டி வடிகட்டி, மூடி போட்டுக் கொண்டாந்து குடுத்தேன். சாரு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. "இங்க கையெழுத்து போடும்மா, சாட்சி"ன்னாரு. எனக்குத் தெரியாதுன்னேன். ஜீப்பு மேல பேப்பர வெச்சு, பூ-ங்-கா-வ-ன-ம், அவருதான் சொல்லிக் குடுத்தாரு. நல்ல புள்ள.

ரிப்போட்டு வந்துது பாரு, மேனேஜரு தாமோதரன் ஷாப்பு வாசல்லருந்தே சிரிச்சுக்கினு வராரு. "ஆயா, உன் கை ராசியான கை"ன்னு சொல்லி தீவாளிக்குப் பொடவ. ஊதா கலரு. எனக்கு ஊதா ஆவாது, இருந்தாலும் கட்டிக்கினேன். அதுலருந்து மாசம் பொறந்தா சாரு ஜீப்புல வருவாரு, டீ குடிப்பாரு, நான் கேன வாங்கிக்கினு போவேன். நடுவுல அவருக்குக் கல்யாணம் ஆச்சு, பொறந்த கொழந்தய கூட போன்ல காட்டுனாரு. கெணத்துத் தண்ணின்னு அவருக்குத் தெரியுமான்னு கேக்குற. அது எப்டி எனக்குத் தெரியும்? அவரு கேக்கல, நான் சொல்லல.

எங்க மாமனாரு தோண்டுன கெணறு அது. சக்கர மாதிரி தண்ணி. தெருவே வந்து எறைக்கும். நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், "எங்க கெணத்துக்கு கவர்மெண்டே சர்டிபிகேட் குடுக்குது, மாசாமாசம்"னு. கலெக்டர் ஊட்டுத் தண்ணிக்கு உண்டா இது?

இப்ப அந்தப் பச்சப் பொடவகாரிக்கு வரேன். பச்சயம்மா. பக்கத்து ஊடு. நான் கல்யாணமாகி வந்த வருஷந்தான் அவளும் வந்தா. ரெண்டு பேரும் ஒரே கயித்துல எறச்சவங்க. கரை ஒடஞ்சதுக்கு முந்தின வருஷம் சித்திரையில அவ எருமை கன்னு போட்டுது. செத்த கன்னு. பாலும் வத்திப் போச்சு. அழுதுக்கினு வந்தவ, என் வாசல்ல நின்னு சொல்றா, "யக்கா, உன் கெணத்துத் தண்ணியில என்னமோ கீது யக்கா. ஒரு துவர்ப்பு அடிக்குது. எருமைக்கு அததான் காட்டுறேன்."

எனக்கு எப்டி இருக்கும்? "கவர்மெண்டு பாஸ் பண்ண தண்ணிய நீ பெயில் பண்றியாடி? உன் எருமை எந்த காலேஜுல படிச்சுது?"ன்னு கேட்டேன். தெருவே சிரிச்சுது. அவ சிரிக்கல. குடத்த எடுத்துக்கினு போயிட்டா.

அதே வருஷம் ஆடி மாசம் பாரு, மேனேஜரு கூப்புட்டாரு. மூஞ்சி செவந்து கெடக்குது. ஒரு பேப்பர எடுத்து என் மேல வீசுறாரு. "ஆயா, எந்தத் தண்ணியப் புடிச்சாந்த? பெயில் ஆயி கீது." நான் சத்தியம் பண்ணேன், எப்பவும் குடுக்குற என் கெணத்துத் தண்ணிதான்னு. அவரு எந்திரிச்சுப் போயி கதவச் சாத்துனாரு. அப்புறம் மெதுவா, "இனிமே கெணறு வேணாம். கடையில கேன் தண்ணி வாங்கி ஊத்திக் குடு"ன்னாரு. பிரபாகரன் சாருகிட்ட பேசுனாரு. வேற கேனு போச்சு. பாஸ். பைல்ல அந்த மாசமும் பாஸுன்னுதான் கீதாம்.

ஏன் பெயில் ஆச்சு? எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அவதான். எருமை போன வயித்தெரிச்சல்ல என் கெணத்துல எதையோ கலந்துட்டா. பிளீச்சிங் பவுடரோ என்ன எழவோ. நான் உடலயே. அந்தப் பேப்பரப் பொறுக்கி எடுத்து, முத்திரை இருந்துது இல்ல, பத்திரமா ரேஷன் கார்டு கூட வெச்சேன். கெணத்த பூரா எறச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி, தச்சன வெச்சு பலகையில மூடி போட்டு, பூட்டு போட்டேன். இம்மாம் பெரிய பூட்டு. அவ ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அன்னிலருந்து அவ ஒரு மைலு நடந்து மெயின்ரோட்டு கொழாயில புடிச்சாந்தா. நானும் எம் புள்ள ஏழுமலையும் மருமவளும் பேத்தி இலக்கியாவும் மட்டுந்தான் எங்க தண்ணிய குடிச்சோம். வேற யாருக்கும் குடுக்கல. ராஜா மாதிரி.

கொழந்தைக்கு நடுவுல ஒடம்பெல்லாம் புண்ணு வந்துது. தோல் டாக்டர்கிட்ட மூணு தடவ போனோம். அதுவும் பச்சயம்மா கண்ணுதான். அவ வாசல்ல நின்னு பாக்குற பார்வ அப்டி. திருஷ்டி சுத்திப் போட்டும் போவல. ஐப்பசியில கரை ஒடஞ்சப்புறம் குடிக்கக் கூடாதுன்னு எல்லா கெணத்துலயும் செவப்பு பெயிண்டு அடிச்சு, லாரி தண்ணி குடுத்தான். இப்ப கொஞ்சம் ஆறிக்கினு வருது. லாரி தண்ணி பாரு, சூடு இல்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். கீழத்தெரு ஆளுங்க எல்லாம் ஜட்ஜுகிட்ட போயி, கரை ஒடயறதுக்கு முன்னாடியே எங்க தண்ணி கெட்டுப் போச்சு, எங்களுக்கு ஆத்துத் தண்ணிக் கொழாய் போட்டுக் குடுங்க, வைத்தியம் பாருங்கன்னு கேட்டாங்க. பச்சயம்மாவும் எருமைக் கதய சொன்னா. ஜட்ஜு நல்லவருதான், ஆதாரம் இன்னான்னு கேட்டாரு. ஷாப்பு வக்கீலு பைலத் தூக்கி வெச்சாரு. பதினோரு வருஷம், எல்லாம் பாஸு, அடியில பூங்காவனம், பூங்காவனம், பூங்காவனம். ஜட்ஜு கேட்டாராம், யாரு இந்த பூங்காவனம்னு. அதான் சம்மன்.

நேத்து வக்கீலு எங்க ஊட்டுக்கே வந்துட்டாரு, மேனேஜரோட. ஆப்பிள் வாங்கியாந்தாங்க. "எங்க புடிச்சீங்கன்னு கேப்பாங்க. கழிவு வெளிய வர்ற எடத்துலன்னு சொல்லுங்க. அது போதும். மத்தது பேசாதீங்க." நானாவது, மத்தது பேசாம இருக்குறதாவது. ஆனா ஏழுமலை ஷாப்புல தோல் சுத்துற டிரம்மு ஓட்டுறவன், சீல் வெச்சதுலருந்து ஊட்டுல கெடக்குறான். கேஸு முடிஞ்சா ஷாப்பு தொறக்கும், அவன நெரந்தரம் பண்றேன்னாரு மேனேஜரு. மாத்திச் சொன்னா, பொய்க் கையெழுத்துக்கு என்னப் புடிச்சு உள்ள போடுவாங்களாம். அதையும் ஆப்பிள் அறுத்துக்கினே சிரிச்சு சொன்னாரு.

அப்டியே சொல்லிடறேன்னேன். வேன்ல கூப்புட்டாங்க, எனக்கு ஏ.சி. வாந்தி வரும்னு பஸ்ஸுல வந்துட்டேன். அது பொய். அவ இந்த பஸ்ஸுல வர்றான்னு தெரியும். எனக்கு ஒரு வேல கீது. ஜட்ஜுகிட்ட அந்தப் பெயில் பேப்பரக் குடுத்து, ஐயா, தண்ணியக் கெடுத்தவங்களத் தேடுறீங்களே, இதோ ஒருத்தி கீறா பாருங்கன்னு சொல்லணும். ரெண்டு வருஷமா காத்துக்கினு கீறேன்.

இந்தா, நீ படிச்ச பொண்ணு. இங்கிலீஷு. என்ன கலந்தான்னு அதுல எழுதி இருப்பான் இல்ல? பிளீச்சிங் பவுடர்தானே?

என்ன, எவ்வளவு நேரம் படிக்குற?

குரோமியமா?

குரோம்... அது ஷாப்புல தோல் பதம் போடுற மருந்து இல்ல? ஏழுமலை டிரம்முல கொட்டுவானே, கை பச்சயா ஆவும். அது எப்டி... எத்தினி மடங்கு? சரியா பாரு. புள்ளி கிள்ளி இருக்கப் போவுது.

அது பச்சயம்மாகிட்ட எப்டி வரும்? அவகிட்ட தோல் செருப்பு கூட கெடயாதே.

இரு பாப்பா. இரு. தேதி என்ன போட்டு கீது? கரை ஒடயறதுக்கு பதினஞ்சு மாசம் முன்னாடி. சேறு என் ஊட்டாண்ட வரவே இல்ல. அப்ப அது மேல வரல. அடியில வந்து கீது. நான் மூடி போட்டு மேல பூட்டிக்கினு உக்காந்து கீறேன்.

அவ மெயின்ரோட்டுக்கு நடந்தா. நாங்க குடிச்சோம்.

கொழந்தைக்கு நானே எறச்சு வாயில ஊத்துவேன் பாப்பா. வெள்ளிச் சொம்பு, வெளக்கி.

என்ன சொல்ற? வாயத் தெறக்காம இந்தப் பேப்பர மட்டும் குடுத்துட்டா போதுமா? ஆமா, அதுல கழிவு வெளிய வர்ற எடத்துத் தண்ணின்னுதான் போட்டு கீது, என் கெணறுன்னு போடல. நானும் தப்பிச்சேன், தெருவுக்கும் ஒரு ஆதாரம் ஆச்சு. நல்ல மூள உனக்கு, பேங்க்ல சும்மாவா வெச்சு கீறாங்க. ஆனா அந்த வக்கீலப் பாத்தா நீ இப்டி பேச மாட்ட. "ஒரு தடவ மெசினு ரிப்பேரு ஐயா, அதே மாசம் மறுபடி செக் பண்ணி பாஸு பாருங்க"ன்னு நண்டக் காட்டுன மாதிரி ஒண்ண காட்டிடுவாரு. கழிவுத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு சொல்றது என்ன அதிசயம்? என் கெணறு கெட்டுப் போச்சுன்னு சொன்னாத்தான் தெரு பூரா கெட்டுச்சுன்னு ஆவும். அத நான் ஒருத்திதான் சொல்ல முடியும். அத சொன்னா, மீதி கையெழுத்துங்க எந்தத் தண்ணிக்குன்னும் சொல்லணும்.

மந்திரி சொல்லல, மச்சான் சொல்லல, சாரு சொல்லப் போறதில்ல. நான் சொன்னா, கடைசியில எல்லாத்துக்கும் காரணம் டீ போடுற பூங்காவனம்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். நண்டு தப்பிச்சுடும்.

ஏழுமலை வேல போனது போனதுதான். அவன் கொழந்ததானே அது. கேப்பான். கேக்கட்டும்.

உன் ஸ்டாப்பு வந்துடுச்சா? அடுத்ததா. சரி, அந்தப் பேப்பர மடிச்சுக் குடு. அந்த மடிப்புலயே மடி, கிழிஞ்சுடப் போவுது. நீ எந்திரிக்காத, நான் முன்னாடி போயி உக்காருறேன். அவ பக்கத்துல எடம் காலியாத்தான் கீது. ஏறும்போதே பாத்தேன், பைய வெச்சு எடம் புடிச்சு வெச்சிருந்தா. யாருக்குன்னு நெனச்சேன். மடியில பாரு, பாட்டிலு, மெயின்ரோட்டுக் கொழாய் தண்ணியா இருக்கும்.

இந்தக் கம்பியப் புடிச்சுக்கினு போனா விழ மாட்டேன், விடு.

ஏ பச்ச. பைய எடு, உக்காரணும். ஒண்ணும் பேச வேணாம், அப்புறம் பேசலாம், ஜட்ஜுகிட்ட நான் பேசறதயும் கேட்டுக்கோ. கொஞ்சம் தண்ணி குடுடி.